தரையில் சொட்டு இல்லை, டேங்கில் கூலன்ட் இல்லை

கேள்வி: என்னுடையது 1998 மாடல் மாருதி 800. வாரத்துக்கு அரை லிட்டர் கூலன்ட் குறைகிறது. ஹோஸ், ரேடியேட்டர் எல்லாம் மாற்றியாயிற்று. தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. எங்கேதான் போகிறது?

பதில்: திருடன் யாரென்று தெரியாமலே வீட்டுக் கதவுகளை மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள்! சின்னக் கசிவு சூடான இன்ஜின் மேலேயே ஆவியாகிவிடும், தரைக்கு வராது. இன்ஜின் நன்றாக ஆறியபின் ரேடியேட்டர் வாயில் பிரஷர் டெஸ்டரை மாட்டி, மூடியில் அச்சிட்டிருக்கும் அளவுக்குக் காற்றடிக்கச் சொல்லுங்கள். கால் மணி நேரம் முள் அசையக் கூடாது. இறங்கினால், வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளையை டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே கூலன்ட் கறை படிந்திருந்தால் பம்பின் சீல் போய்விட்டது. மூடியையும் சோதியுங்கள். அதன் ரப்பர் தளர்ந்தாலே கூலன்ட் வெளியேறும். இதை எத்தனையோ பேர் கவனிப்பதில்லை.

வெளியே எங்கும் ஈரமில்லாமல் முள் மட்டும் இறங்குகிறதா? ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். மூன்று ஸ்பார்க் பிளக்கில் ஒன்று மட்டும் கழுவிவைத்ததுபோல் பளிச்சென்றிருந்தால் கூலன்ட் அந்த சிலிண்டருக்குள் போகிறது. ஆயில் பால்காபி நிறத்தில் இருந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம், இழுத்துக்கொண்டு போங்கள்.