வணிகக் கைப்பேசியில் வேடிக்கை உறுப்புகள்: திருச்செங்கோட்டு ரிக் தொழிலை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் நோக்கம்

தொழிலுக்கென்று வாங்கும் போனில் பாட்டும் கேமராவும் இருக்கலாமா, கூடாதா என்னும் வினா தமிழ் ஆய்வுலகில் உரிய கவனம் பெறவில்லை. சங்கப் பாடல்களில் பூக்களை எண்ணிவிட்டோம். காப்பியங்களில் கனவுகளைக் கணக்கெடுத்துவிட்டோம். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒரே ஆய்வேட்டைப் பலமுறை அட்டை போட்டுவிட்டோம். பட்டன் போன் பக்கம் எந்த நெறியாளரும் திரும்பவில்லை. அந்தக் குறையை நீக்குவது இக்கட்டுரையின் முதல் நோக்கம். இரண்டாம் நோக்கம், ஆய்வேடுகளில் எழுதும் வழக்கமில்லாதது: முடிவு முன்பே கைவசம் இருக்கிறது, அதற்குப் பொருந்தும் சான்றுகள் தேவைப்படுகின்றன.

கருதுகோள் முன்னால் வர வேண்டும் என்பது மரபு. இங்கே பின்னால் வருகிறது. தோற்றுப்போனால் மாற்றிக்கொள்ள வசதியாக இருக்கும்.

2. களமும் அதன் தகுதியும்

சென்னையைக் களமாகக் கொள்ளாதது ஏன் எனின், அங்கே முதலாளியும் வேலையாளும் பெரும்பாலும் ஒரே கட்டடத்தில் இருப்பார்கள். போன் இல்லாவிட்டாலும் சத்தம் போட்டால் கேட்கும். திருச்செங்கோட்டு நிலை வேறு. சேலம் மாவட்டத்தில் இருந்து, 1997 முதல் நாமக்கல் மாவட்டத்துக்கு வந்த இந்த ஊரின் ரிக் வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருக்கின்றன. முதலாளி மலையடிவாரத்தில் இருப்பார். வண்டி சத்தீஸ்கரில் ஏதோ ஒரு காட்டில் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு போன். ஆகவே, தொழில் போன் என்பதன் தூய வடிவத்தைக் காண இதைவிடச் சிறந்த ஆய்வகம் கிடையாது.

தொழிலின் கணக்குமுறையை இங்கே சொல்லியாக வேண்டும். ரிக்கில் ஒரு ராடு பெரும்பாலும் 20 அடி. ஒன்று இறங்கி முடிந்ததும் அடுத்ததை மேலே மாட்டி இறக்குவார்கள். இறங்கிய ராடுகளை 20ஆல் பெருக்கினால் ஆழம். ஆழத்துக்குத்தான் பணம். அதுவும் ஒரே சீரான பணம் அல்ல: முதல் 300 அடிக்கு ஒரு ரேட், அதற்குக் கீழே ஒவ்வொரு 100 அடிக்கும் ரேட் ஏறிக்கொண்டே போகும். எனவே உலகில் எங்கும் இல்லாத அளவுக்கு, 'எத்தனை' என்னும் வினாவுக்கு இங்கே மதிப்பு உண்டு.

"எத்தன ராடு எறங்கியிருக்கு?"

"இருவத்தஞ்சுங்க."

"பார்ட்டி இருவத்திமூணுன்னு சொல்றாங்களாமா?"

"அவுரு நடுவுல டீ குடிக்கப் போயிட்டாருங்க."

இடைப்பட்ட 40 அடி இந்த ஆய்வின் அடித்தளம்.

3. முன்னோர் வழக்கு

போனில் வேடிக்கை புகுந்தது இக்காலத்துக் கெடுதல் என்பர் ஒருசாரார். அது பொருந்தாது. கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றது 1876இல். ஐந்தே ஆண்டுகளில், 1881இல் பாரிஸில் நடந்த மின்பொருட்காட்சியில், மக்கள் காதில் குழாயை வைத்து ஆபெரா கேட்டார்கள். 1893இல் புடாபெஸ்ட் நகரில் தொலைபேசிக் கம்பி வழியே செய்தியும் இசையும் வீட்டுக்கு வந்தன. போன் பேசக் கற்றுக்கொண்டதும் பாடத் தொடங்கிவிட்டது.

மறுதலையான வழக்கும் உண்டு. எடிசன் 1877இல் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்து, மறு ஆண்டே அதன் பயன்களைப் பத்தாகப் பட்டியலிட்டு ஓர் இதழில் எழுதினார். முதலிடம் கடிதத்தைச் சொல்லிப் பதிவுசெய்வதற்கு. இசை அதற்குப் பின்னால்தான் நின்றது. அலுவலகத்துக்கென்று நினைத்த கருவி கச்சேரிக்குப் போயிற்று. அது வழிதவறிவிட்டதாக இன்று யாரும் வருந்துவதில்லை.

கைப்பேசி வரலாற்றிலும் வேடிக்கை பின்வாசல் வழியாக வரவில்லை. பாம்பு விளையாட்டு 1997இல் நோக்கியா 6110இல் வந்தது. 6110 தொழில் செய்வோரை மனத்தில் கொண்டு வந்த போன். அதாவது பாம்பு முதலில் தீண்டியது முதலாளிகளை. கனடா நாட்டு பிளாக்பெரி நெடுங்காலம் கேமரா இல்லாமல் மின்னஞ்சலும் கையுமாகக் கண்ணியம் காத்தது. 2006இல் 'பேர்ல்' என்னும் போனில் கேமராவையும் பாட்டையும் சேர்த்தது. அதே ஆண்டு நோக்கியா, இ61 என்னும் தொழில் போனைக் கேமரா இல்லாமல் விற்றது. அடுத்த ஆண்டே 'இ61ஐ' என்று பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டி, கேமராவையும் கூட்டியது. ஓர் எழுத்துக்கு ஒரு கேமரா என்பது மொழியியலார் தனியே ஆராயத்தக்கது.

கேமரா இல்லாமையே சிறப்பான இடமும் இருந்தது. சிங்கப்பூர் ராணுவ முகாம்களுக்குள் கேமரா போன் கூடாது என்று இருந்த காலத்தில், கேமராவைப் பிடுங்கிவிட்ட போன்களுக்கு அங்கே தனிச் சந்தை இருந்தது. ஓர் உறுப்பு இல்லாததற்கு மனிதர் காசு கொடுத்த அரிய நிகழ்வு இது.

உள்ளூர்ச் சான்றும் ஒன்று. ராஜாஜி 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். 1929இல் அங்கிருந்து 'விமோசனம்' என்னும் மாத இதழ் வந்தது. மதுவிலக்குப் பிரச்சாரம் ஒன்றே அதன் தொழில். ஆயினும் அதற்கு உதவிக்கு இருந்தவர் கல்கி. இதழில் கதைகளும் வந்தன. கள்ளை ஒழிக்கவே கதை தேவைப்பட்டது எனின், கிணறு போட ஒரு பாட்டு தேவைப்படாது என்று எவ்வாறு கூறுவது?

4. உறுப்புகளின் வகைப்பாடு

4.1 பாட்டு. இது கேட்போரைக் கொண்டு மூவகைப்படும். தான் கேட்பது, பக்கத்தில் இருப்பவர் கேட்பது, அழைப்பவர் கேட்பது. முதலாவது பாட்டு, இரண்டாவது ரிங்டோன், மூன்றாவது காலர் டியூன்.

இவற்றுள் ரிங்டோன் ரிக் அருகில் பயனற்றது. கம்ப்ரசர் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்துவதே கேட்காது. வைப்ரேஷனில் வைக்கலாமே எனின், வண்டி, தரை, மனிதர் எல்லாமே அங்கே வைப்ரேஷனில்தான் இருக்கிறார்கள். காலர் டியூன் வியப்புக்குரியது. காசு கொடுப்பவர் தம் வாழ்நாளில் கேட்காத ஒரே பாட்டு அதுதான். பைனான்ஸ்காரருக்குத் தவணை தள்ளிப்போடச் சொல்லி அழைப்பவர், முருகன் பாட்டை முழுதும் கேட்டு, ஒருவகை மனப்பக்குவத்துக்கு வந்த பிறகே வாய் திறக்கிறார். 2020இல், கொரோனா காலத்தில், அரசே எல்லாருடைய காலர் டியூனிலும் இருமிக் காட்டியது. காலர் டியூனைப் பொழுதுபோக்கு என வகைப்படுத்துதல் ஆகாது.

தான் கேட்கும் பாட்டுக்கு மட்டும் எதிர்ப்பு உண்டு. ஆனால் பாயிண்ட் (கிணறு போடும் இடம்) முடித்து ராவோடு ராவாக அடுத்த ஊருக்கு ரிக்கை ஓட்டுகிற டிரைவருக்குக் கண் சொருகாமல் இருக்க உதவுவது டீயும் பாட்டுமே. டீச்செலவு கணக்கில் வருகிறது, பாட்டு வருவதில்லை.

4.2 டார்ச். 2003இல் வந்த நோக்கியா 1100இல் கேமரா இல்லை, பாட்டும் இல்லை, டார்ச் உண்டு. உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. டார்ச் தொழிலா வேடிக்கையா என்று எவரும் கேட்கவில்லை. யாரும் மகிழ்ச்சியோடு பயன்படுத்தாததால் அது சந்தேகத்துக்கு உள்ளாகவில்லை போலும்.

4.3 கேமரா. ஆய்வின் இதயம் இது.

வண்டிக்குக் கேமரா போன் கொடுத்தால் பையன்கள் வேலையை விட்டுவிட்டுப் படம் பிடிப்பார்கள் என்று அஞ்சிப் பட்டன் போனே கொடுத்தனுப்பிய காலம் ஒன்று இருந்தது. அப்போது ஆழத்துக்குச் சான்று, வண்டியோடு போன மேனேஜரின் சொல். தமிழ் அளவை நூலார் அறிவு பிறக்கும் வழிகளைக் காட்சி, கருதல், உரை என மூன்றாகக் கொள்வர். போனில் வந்த "இருவத்தஞ்சுங்க" உரை அளவை. உரையை ஏற்க, உரைத்தவர் பொய் சொல்லாதவர் என்பது முதலில் உறுதிப்பட வேண்டும். கிணறு போடச் சொன்ன பார்ட்டிக்கு 500 அடி பில் போட்டு, முதலாளிக்கு 460 அடி கணக்குச் சொல்லவும் வழி இருக்கிற தொழிலில் அது எளிதன்று.

இதற்குத் திருச்செங்கோட்டில் பழைய தீர்வு உண்டு. அர்த்தநாரீஸ்வரர் மலைப்பாதையில் உள்ள அறுபதாம் படி, வழக்குத் தீரச் சத்தியம் செய்யும் இடமாகப் பெயர் பெற்றது. அங்கே பொய்ச் சத்தியம் செய்ய எவரும் துணியமாட்டார் என்பது சுற்றுவட்டார நம்பிக்கை. இடர்ப்பாடு ஒன்றே: ஒவ்வொரு கிணற்றுக்கும் மேனேஜரைச் சத்தீஸ்கரில் இருந்து வரவழைத்துப் படியேற்ற முடியாது.

ஆகவே கேமரா வந்தது. "போட்டோ எடுத்து அனுப்பு" என்றார் முதலாளி. இங்கே நுண்ணிய சிக்கல் ஒன்று எழுந்தது. இறங்கிய ராடைப் படம் எடுக்க முடியாது. அது பூமிக்குள் இருக்கிறது. வண்டியில் மிச்சம் இருக்கும் ராடுகளைத்தான் எடுக்கலாம். மிச்சத்தைக் கண்டு இறங்கியதை அறிவது காட்சி அளவை அன்று, கருதல் அளவை. புகையைக் கண்டு நெருப்பை அறிவது என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப் புரியாமல் போன பாடம், வாட்ஸ்அப்பில் வந்ததும் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. பின்னர் நேற்றைய படத்தை இன்று அனுப்பும் கலை வளர்ந்தது. அதற்கு எதிராக, தேதியும் இடமும் படத்தின் அடியிலேயே பதிந்து தரும் செயலி வந்தது. அறுபதாம் படியின் வேலையைச் செயலி எடுத்துக்கொண்டது. பொய்க்குத் தண்டனை மட்டும் அதில் இன்னும் சேர்க்கப்படவில்லை.

அதன் பின் கேமராவுக்கு ஓய்வே இல்லை. டீசல் பில், கம்ப்ரசர் மீட்டர், பல் உடைந்த பிட், இறக்கும் முன் கேசிங் பைப் என எல்லாம் படமாயின. தண்ணீர் பீய்ச்சி அடித்தால் அந்த வீடியோ முதலாளியின் ஸ்டேட்டஸ் ஆகி, அடுத்த பாயிண்ட்டைப் பிடித்துத் தருகிறது. வேடிக்கை என்று தடுத்த உறுப்பு, தொழிலின் கணக்கப்பிள்ளையாகவும் விளம்பர இலாகாவாகவும் ஆகிவிட்டது. கேமரா இல்லாத போனோடு இன்று ஒரு மேனேஜர் வந்தால், எதையோ மறைக்கிறார் என்றுதான் எண்ணுவார்கள்.

5. மறுப்பும் விடையும்

இது அர்த்தநாரீஸ்வரர் ஊர். ஆகவே பாதி தொழில், பாதி வேடிக்கை என்று போனைப் பகுத்துவிடலாம் என ஓர் எளிய சமாதானம் சொல்லப்படக்கூடும். மேடைக்கு ஏற்றது, ஆய்வுக்கு ஆகாது. அந்தத் திருமேனியில் எந்தப் பாதி எவருடையது என்பது பார்த்ததும் தெரியும். மிச்ச ராடின் படத்துக்கும் மகளின் பிறந்தநாள் படத்துக்கும் இடையே போனில் எந்தக் கோடும் இல்லை. இரண்டும் ஒரே கேலரியில், ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கின்றன.

6. முடிபுகள்

தள்ளிவைத்த கருதுகோளை இப்போது சூத்திரமாகத் தரலாம்:

முதலாளி கைப்படின் வசதி. மற்றவர் கைப்படின் வேடிக்கை.

இதன் பொருள்: உறுப்பு ஒன்றே; கை மாறப் பெயர் மாறும் என்றவாறு. முற்பகல் 11 மணிக்கு ஆபீஸில் அமர்ந்து, அடுத்தவர் வண்டியில் தண்ணீர் வரும் வீடியோக்களை முதலாளி வரிசையாகப் பார்ப்பது மார்க்கெட் நிலவரம் அறிதல். அதே வீடியோவை டிரில்லர் பார்ப்பது போனை நோண்டுதல். முதலாளி சீட்டு விளையாடினால் மைண்டுக்கு ரிலாக்ஸ். ஹெல்பர் விளையாடினால் ஆள் சரியில்லை. இதனால் பெறப்பட்டது: கேமராவும் பாட்டும் வேண்டுமா என்னும் விவாதம் கருவியைப் பற்றியது அன்று. எவருக்கு எப்போது ஓய்வு உரியது என்பதைப் பற்றியது. அதை நேரே கேட்க யாருக்கும் வாய் வராததால், பழி போன் மேல் விழுந்தது.

இரண்டாம் முடிபு இதனினும் வலியது. வேலைக் கருவிக்குள் வேடிக்கை நுழைந்துவிடுமோ என்று வாசலில் காவல் வைத்திருந்த காலத்தில், வேடிக்கைக் கருவிக்குள் வேலை கொல்லைப்புறமாக நுழைந்து குடியேறிவிட்டது. இன்று ஆபீஸ் போன் என்று தனியே கொடுப்பது குறைந்துவிட்டது. ஹெல்பர் தன் காசில் போன் வாங்கி, தன் காசில் ரீசார்ஜ் செய்து, வண்டியின் பெயரால் அமைந்த குரூப்பில் மீட்டர் படம் போடுகிறார். ராத்திரி தார்ப்பாயை விரித்துப் படுத்து, ஊரில் இருக்கும் பிள்ளையோடு வீடியோவில் பேசும் நேரத்தில், "நாளைக்கு கேசிங் பைப் எத்தன அடி வேணும், மேனேஜரக் கேட்டுச் சொல்லு" என்று அழைப்பு குறுக்கே வருகிறது. பிள்ளையின் முகம் நின்றுபோகிறது. அழைத்தவர் திருச்செங்கோட்டில் வாசலில் கட்டில் போட்டு, காற்றாட, ஏதோ ஒரு பழைய படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார்.

7. பரிந்துரைகள்

ஒன்று: தொழில் போனில் கேமரா இருக்கலாம். இல்லை என்று இனி எவராலும் சொல்ல முடியாது.

இரண்டு: டிரைவரின் பாட்டுச் செலவை டீச்செலவோடு ஒரே தலைப்பில் எழுத வேண்டும்.

மூன்று: கடன் கொடுத்தவர்களின் காலர் டியூனில் பக்திப் பாட்டு தொடரலாம். அது வேறு எதற்கும் இல்லாவிட்டாலும் பக்திக்கு உதவுகிறது.

நான்கு: நோண்டுதல் என்னும் குற்றம் எல்லாக் கைக்கும் பொது என்று அறிவித்து, முதலாளி ஆபீஸில் இருந்தே அதைத் தொடங்கிவைக்க வேண்டும்.

ஐந்து: சொந்தப் போனில் வாங்கும் வேலைக்குக் கூலி நிர்ணயிக்க வேண்டும். புது முறை எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, தொழிலிலேயே இருக்கிறது. 300 அடிக்குக் கீழே போனால் ரேட் ஏறுகிறது. ராத்திரி 9 மணிக்கு மேல் போன் வந்தாலும் அப்படியே ஏறட்டும்: முதல் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ரேட், அதற்கு மேல் ஒவ்வொரு அரை மணி நேரத்துக்கும் கூடுதல். எவ்வளவு நேரம் பேசினார் என்பதற்குச் சான்று வேண்டும் என்று முதலாளி கேட்டால், ஹெல்பர் படம் எடுத்து அனுப்புவார்.