பூஸ்ட் அடியார்

தர்மபுரி மாவட்டத்து அரூரிலிருந்து தீர்த்தமலைக்குச் செல்லும் சாலையில் விடுமுறை நாள்களில் மூன்று பிரிவினரைக் காணலாம்: தீர்த்தகிரீசுவரரை வணங்கச் செல்வோர், ராம தீர்த்தத்தில் தலை நனைக்கச் செல்வோர், இவ்விரு சாராரையும் அழைத்துச் செல்வதாகச் சொல்லிக்கொண்டு தம் காரின் காற்றழுத்தத்தைச் சோதிக்கச் செல்வோர். இங்கு ஆராயத்தக்கவர் மூன்றாம் பிரிவினரே. டர்போ பொருத்திய கார் ஒன்றை வாங்கி, அதன் எஞ்சினை ஆளும் கணினியின் கட்டளைகளைத் திருத்தி எழுதச் செய்து (ரீமேப் எனப்படுவது இதுவே), முன்கண்ணாடியின் ஓரத்துத் தூணில் வட்ட மீட்டர் ஒன்றைப் பதித்து, சாலைக்கு உரிய பார்வையில் பெரும்பங்கை அம்மீட்டரின் முள்ளுக்குக் காணிக்கையாக்குபவர் எவரோ, அவரே பூஸ்ட் அடியார்.

அவர் வழிபடும் பொருளை விளக்காமல் அவரை விளக்க இயலாது. டர்போ என்பது ஒரே தண்டின் இரு முனைகளில் அமைந்த இரு சக்கரங்கள். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்ற, மற்றது வெளிக்காற்றை அள்ளி எஞ்சினுக்குள் திணிக்கிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலவல்ல இவ்வமைப்புக்குச் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃப்ரெட் பியூக்கி 1905இல் காப்புரிமை பெற்றார்; விற்பனைக்கு வந்த கார்களில் அது இடம்பெற்றது 1962இல், அமெரிக்காவில். நம் நாட்டுச் சிற்றூர்கள்வரை அதைக் கொண்டு சேர்த்ததில், ‘தேசிய எஞ்சின்’ என்றே பட்டப்பெயர் பெற்ற 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் எஞ்சினுக்கும் அதைச் சுமந்த ஸ்விஃப்ட் கார்களுக்கும் பெரும்பங்கு உண்டு.

திணிக்கப்படும் காற்றின் அழுத்தம், வெளியே நிலவும் வளிமண்டல அழுத்தத்தைவிட எவ்வளவு கூடுதலோ அந்தக் கூடுதலே பூஸ்ட். இதைப் பார் என்ற அலகிலோ பி.எஸ்.ஐ. என்ற அலகிலோ அளப்பர். ஒரு பார் ஏறத்தாழ 14.5 பி.எஸ்.ஐ.க்குச் சமம். வீட்டுக் குக்கர் விசிலடிக்கும் தறுவாயில் அதனுள் நிற்கும் மிகையழுத்தமும் ஏறத்தாழ இவ்வளவே. அடுக்களையில் அன்றாடம் எட்டப்படும் இந்த அளவைக் காரில் எட்டுவதற்கு ஆன செலவை மனைவியிடம் தெரிவிக்கையில், தொகையின் கடைசிச் சுழியை விட்டுவிடுவது அடியார் மரபு. ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர் ஒருவரிடம், தம் கார் 18 பி.எஸ்.ஐ. தொடுவதை அவர் பெருமையுடன் கூற நேர்ந்தால், “டயருக்கே முப்பது புடிக்கிறோமே தம்பி?” என்ற மறுமொழியையும் அவர் தாங்கிக்கொள்ள வேண்டும்.

அடியார்களிடையே உட்பிரிவுகளும் உண்டு. எஞ்சினின் காற்றறையிலிருந்து மெல்லிய ரப்பர் குழாய் இழுத்து மீட்டரில் இணைப்பவர் பழைய நெறியினர். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓ.பி.டி. துளையில் புளூடூத் கருவியைச் செருகிக் கைபேசித் திரையில் எண்ணைப் பார்ப்பவர் புதிய நெறியினர். பின்னவருக்கு ஓர் இடர்ப்பாடு நேர்வதுண்டு. காரிலுள்ள உணரி அளப்பது முழு அழுத்தத்தை. அதில் வளிமண்டலத்தின் பங்கான ஏறத்தாழ ஒரு பாரும் அடங்கும். அதைக் கழித்தால்தான் பூஸ்ட் கிடைக்கும். இக்கழித்தலை அறியாத புதிய அடியார், சாவியைத் திருப்பி எஞ்சினை இயக்காமல் நிற்கும் காரிலேயே ஒரு பார் பூஸ்ட் வருவதாக நண்பர்களுக்கு அறிவித்து, வாழ்த்துகளையும் பெற்றுவிடுகிறார்.

முள் உச்சம் தொட ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்து, கியரை மாற்றாமல், சில நொடிகளேனும் ஓட வேண்டும். கரும்பு டிராக்டர், ஊருக்கு ஊர் வேகத்தடை, தார்ச்சாலையில் பரப்பிய கேழ்வரகு ஆகியவற்றுக்கு இடையே அச்சில நொடிகளைத் தேடுவதுதான் அடியாரின் தவம். அவை வாய்க்கும்போது முள் எழுகிறது, அவர் விழி எழுகிறது, “ஏங்க, ரோட்டப் பாருங்க!” என்ற குரலும் எழுகிறது. இம்மூன்றில் கடைசியானதே அக்காரில் உள்ள பாதுகாப்புக் கருவிகளுள் சிறந்தது.

இவ்வளவு கேலிக்கும் நடுவே, அம்மீட்டரை முற்றிலும் வீண் என்று தள்ளுவது முறையாகாது. டர்போவுக்கும், சூடேறிய காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலருக்கும் இடையே ஓடும் குழாயின் கிளாம்ப் தளர்ந்தால் முள் வழக்கமான உயரத்துக்கு ஏறாது. உபரிப் புகையைத் திறந்துவிட்டு டர்போவை அடக்கும் வேஸ்ட்கேட் மூடியபடியே சிக்கிக்கொண்டால் முள் வரம்பு மீறும். இரண்டையும் முன்கூட்டியே காட்டுவதால், தொழிற்சாலை வகுத்த எல்லைக்கு அப்பால் திருத்தப்பட்ட எஞ்சினுக்கு இக்கருவி தேவையே. ஆயினும் அடியார் அதை அதற்காகப் பார்ப்பதில்லை. ஆற்றலைத் தருவது உள்ளே நுழைந்து எரிபொருளுடன் கலக்கும் காற்றின் நிறை. முள் காட்டுவதோ வெறும் அழுத்தம். உள்ளே போக வழியின்றி நெருக்கியடித்து நிற்கும் காற்றும் முள்ளை உயர்த்தும் என்று மெக்கானிக் எடுத்துரைத்தாலும், உயர்ந்தது முள் என்பதே அவருக்குப் போதுமானது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியைத் திருத்தலாகாது என 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு கூறுவதை நினைவூட்டினால், மீட்டர் என்பது பார்ப்பதற்குத்தானே என்று பதிலளித்துவிட்டு, ரீமேப் பற்றி வாய் திறவாதிருப்பார்.

மலைக்கோயிலுக்குக் கார் ஏறாது. அடிவாரத்தில் அதை நிறுத்திவிட்டுப் படியேறத்தான் வேண்டும் என்பதால், வெளிக்காற்றைத் தம் சொந்த நுரையீரலால் மட்டுமே இழுக்க நேரும் அடியார், பாதிப் படிகளில் அமர்ந்துவிடுவதையும், இடுப்பில் குழந்தையுடன் கிராமத்துப் பெண்கள் அவரைக் கடந்து ஏறுவதையும் காணலாம். அமர்ந்த இடத்திலும் அவர் ஓய்வதில்லை. வரும் வழியில் பதிவான உச்ச அளவைக் கைபேசியில் எடுத்து, அருகில் மூச்சு வாங்கும் அறிமுகமற்றவருக்குக் காட்டிக்கொண்டிருப்பார்.

இத்தகையவருடன் தீர்த்தமலைக்குச் செல்ல நேர்வோர் பின்னிருக்கையைக் கேட்டுப் பெறுவது நலம். முன்னிருக்கையில் அமர்பவர், முள் தொட்ட எண்ணை உரக்கப் படிக்கும் பணியையும் ஏற்றுக்கொண்டவராகக் கருதப்படுவார். டீசல் போட்டாயிற்றா என்பதையும் அரூரிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளவும். அந்தக் காரில் அவர் பார்க்காத முள் அது ஒன்றுதான்.