ஆள்காட்டி

ஹவுராவின் சாந்த்ராகாச்சி ஏரிக்கு (இங்கே ‘ஜீல்’ என்பார்கள்) குளிர்காலத்தில் இரண்டு வகை விருந்தாளிகள் வருவார்கள். ஒன்று, கூட்டம் கூட்டமாக வந்திறங்கும் சீழ்க்கை வாத்துகள். மற்றது, அவற்றைப் படமெடுக்க ஆளுயரக் கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்கத்தாவிலிருந்து வருபவர்கள். எங்கள் மூன்றாம் மாடிக்காரர் இந்த இரண்டிலும் சேராத தனி இனம். ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, தன்னைத்தானே படமெடுத்துக்கொள்வார்.

“அண்ணே, இந்த போனைக் கொஞ்சம் பிடிங்க. வாத்து தெரியணும். ஆனா ரொம்பத் தெரிஞ்சிரக் கூடாது.”

நான் ரயில்வே கணக்குப் பிரிவில் ஓய்வு பெற்றவன். காலை நடையும் மண்குவளைத் தேநீரும்தான் என் மிச்ச உத்தியோகம். குவளையை மதில்மேல் வைத்துவிட்டுப் போனைப் பிடிப்பேன். அவர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஆரம்பிப்பார்: “வணக்கம் நண்பர்களே! வாய்ப்பு எங்கே இருக்கிறதோ அங்கே பறந்து போ என்று இந்தப் பறவைகள் நமக்கு...” அந்த இடத்தில் சரியாக ஒரு லோக்கல் வண்டி ஊதும். “இந்த டிரைவருக்கு என் மேல என்னண்ணே கோபம்?” என்பார். மறுபடி முதலிலிருந்து. ஏழாவது முறையில் பேச்சு சரியாக வரும், வாத்து பறந்துபோயிருக்கும்.

திண்டுக்கல் பக்கத்துக்காரர். வங்காளம், ஒடிசா, பீஹார் பையன்களைத் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் கோயம்புத்தூர் பட்டறைகளுக்கும் சென்னைக் கட்டடங்களுக்கும் வேலைக்கு அனுப்புவது தொழில். அதற்கு சாந்த்ராகாச்சியை விடத் தோதான ஊர் கிடையாது. சென்னைக்கு ஏசி வண்டி இங்கேயே புறப்படுகிறது. தாம்பரத்துக்கு முன்பதிவே இல்லாத அந்த்யோதயா இருக்கிறது. ஷாலிமாரில் கிளம்பும் கோரமண்டலும் நின்றுவிட்டுத்தான் போகும்.

அவர் ஆபீஸ் வாசலில் முதலில் ‘லேபர் கான்ட்ராக்டர்’ என்று போர்டு தொங்கியது. பிறகு ‘மேன்பவர் கன்சல்டன்ட்’ ஆனது. லிங்க்ட்இன் பக்கத்தில் இப்போது அவர் ‘மனித ஆற்றல் சிற்பி, கனவுகளின் இணைப்பாளர், பேச்சாளர், முன்னாள் கூச்ச சுபாவி’. பட்டம்தான் வளர்ந்தது. ஆபீஸ் அதே பத்துக்குப் பன்னிரண்டு அறைதான். புதுச் சாமான் என்று சொன்னால், மூன்று காலில் நிற்கும் வட்ட விளக்கு ஒன்று. வேலை கேட்டு வந்த ஒரு பையன் அதன் எதிரே உட்கார்ந்ததும் தானாகவே வலது கண்ணைப் பொத்திக்கொண்டான். கண் பரிசோதனை என்று நினைத்துவிட்டான், பாவம்.

2003இல் லிங்க்ட்இன் வந்தபோது அது பெரும்பாலும் பயோடேட்டா போட்டுவைக்கும் பெட்டியாகத்தான் இருந்தது. அதைக் கதாகாலட்சேப மேடையாக மாற்றிய பெருமை நம்மவரைப் போன்றவர்களையே சேரும். அவர் பதிவுகள் மூன்று ரகம்.

முதல் ரகம், கண்ணீர்க் கதை. ஒரு வரி எழுதி, இரண்டு வரி இடம் விட்டு, மறுபடி ஒரு வரி எழுதுவார். ‘நேற்று ஓர் இளைஞன் இன்டர்வியூவுக்கு ஒரு மணி நேரம் தாமதம்.’ இடைவெளி. ‘நான் கோபப்படவில்லை.’ இடைவெளி. ‘வழியில் ஒரு பாட்டிக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தானாம்.’ பெரிய இடைவெளி. ‘நான் அவன் சான்றிதழைப் பார்க்கவில்லை. அவன் இதயத்தைப் பார்த்தேன்.’ அன்றைக்கு நான் அந்த அறையில்தான் இருந்தேன். பாட்டியும் இல்லை, ரத்தமும் இல்லை. டிக்கியாபாராவில் சிக்னல் விழவில்லை, அவ்வளவுதான். சான்றிதழைப் பார்க்காதது மட்டும் நிஜம். மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

இரண்டாம் ரகம், பணிவு. யாரோ ஒரு கேடயம் கொடுத்தால் ‘பணிவோடு ஏற்கிறேன்’ என்று தொடங்கும். பணிவு கூடக் கூட அவர் படம் பெரிதாகும். போன துர்கா பூஜை வாழ்த்தில் அம்மனுக்குப் பத்துக் கை, அவருக்கு இரண்டே கை. ஆனால் அந்த இரண்டு கையும் கூப்பியபடி முன்னால் வந்து அம்மனின் பத்தையும் மறைத்துவிட்டன. சிங்கத்தின் வால் மட்டும் ஓரத்தில் தெரிந்தது.

மூன்றாம் ரகம் எப்போதாவது வரும். அதுதான் வேலை விளம்பரம். ‘முன்னணி நிறுவனம் ஒன்றுக்கு, முக்கிய நகரம் ஒன்றில், கவர்ச்சியான சம்பளத்தில் ஆட்கள் தேவை.’ எந்த நிறுவனம், எந்த ஊர், எவ்வளவு சம்பளம் என்று கேட்டால், துப்பறியும் நாவல்காரர்கூடக் கடைசி அத்தியாயத்தில் சொல்லிவிடுவார். இவர் ‘இன்பாக்ஸ் வாங்க’ என்பார். கீழே நூறு பேர் வரிசையாக ‘இன்ட்ரஸ்டட்’ என்று போட்டிருப்பார்கள். ஒருநாள் கைதவறி நானும் அந்த வரிசையில் விழுந்தேன். அறுபத்து நான்கு வயதில், மூட்டுவலியோடு, மிஷின் ஆபரேட்டர் வேலைக்கு முதற்கட்டத் தேர்வில் தேறிவிட்டதாக மறுநாள் தகவல் வந்தது. என் மனைவி சந்தோஷப்பட்ட விதம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

வேலைக்கு ஆள் சேர்க்கும் இந்த வம்சம் நேற்று முளைத்ததல்ல. ஹூக்ளியின் எதிர்க்கரையோரம் 1834இல் ‘அட்லஸ்’ என்ற கப்பலில் முப்பத்தாறு கூலியாட்கள் மொரீஷியஸுக்கு ஏற்றப்பட்டார்கள். பின்னாலேயே கிதிர்ப்பூரிலும் கார்டன் ரீச்சிலும் கூலி டிப்போக்கள் வந்தன. ஆள் பிடித்துக் கொடுப்பவனுக்கு வடக்கே ‘அர்காத்தி’ என்று பெயர். டிரினிடாடைச் ‘சீனிதாத்’, சர்க்கரை விளையும் சீமை என்றும், சூரினாமை ‘ஸ்ரீராம் தேசம்’ என்றும் சொல்லிக் கப்பலேற்றினான் என்பது அந்த மக்களின் வாரிசுகள் இன்றும் சொல்லும் கதை. ஒரே சொல், படம்கூடக் கிடையாது, கடலையே தாண்டவைத்தது. நம்மவர் இருபது ஹாஷ்டேக் போட்டும் பக்கத்து உலுபேரியாவைத் தாண்டவில்லை.

நம் பக்கத்தில் அந்த வேலையைப் பார்த்தவர் கங்காணி. இலங்கைத் தேயிலைக்கும் மலேயா ரப்பருக்கும் ஆள் சேர்க்கக் கோட்டும் தலைப்பாகையுமாகச் சொந்த ஊருக்கே வந்து இறங்குவார். அந்தக் கோட்டுதான் அன்றைய புரொபைல் படம். இலங்கையில் அவர் கொடுக்கும் முன்பணம் தொழிலாளியின் தலையில் கடனாக ஏறும். கடனைத் தீர்த்தால்தான் வேறு தோட்டத்துக்குப் போகலாம் என்று கட்டிப்போட்டது ‘துண்டு’ முறை. அது ஒழிய 1921 ஆயிற்று. கோட்டைப் பார்த்துப் போனவனுக்குத் துண்டு பிறகுதான் தெரிந்தது. வேலைக்கு ஆள் எடுப்பவரின் பகட்டைப் பார்த்தால் எனக்கு இன்றும் சிரிப்போடு கொஞ்சம் பயமும் வருவது இதனால்தான்.

நம்மவர் அப்படிப்பட்டவர் இல்லை. பையன்களுக்கு ஏமாற்று வேலை செய்யமாட்டார். அவர் கோளாறு வேறு. ஏரிக்கரையில் ஆள்காட்டிக் குருவி என்று ஒன்று உண்டே, மனித வாடை பட்டதும் ‘ஆள் வருது, ஆள் வருது’ என்று ஊரைக் கூட்டும். இவரும் ஆள்காட்டிதான். காட்டுகிற ஆள் மட்டும் எப்போதும் இவராகவே இருக்கும்.

இதை முதலில் கண்டுபிடித்தவர் அவர் வீட்டம்மா. சாந்த்ராகாச்சி ஓல் என்றால் வங்காளம் முழுக்கப் பெயர்பெற்ற சேனைக்கிழங்கு. ருசியும் அதிகம், தொண்டையில் அரிப்பும் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கும் இலை போட்டிருந்தார்கள். அவர் சாப்பிடாமல் போனையே நோண்டிக்கொண்டிருந்தார். வாத்துப் பதிவின் கீழே யாரோ ஒருவன், ‘போன மாசம் போன என் தம்பிக்கு ஓவர்டைம் காசு இன்னும் வரலை’ என்று எழுதியிருந்தான். அதை அழித்துக்கொண்டிருந்தார்.

வீட்டம்மா ரசத்தை ஊற்றியபடியே சொன்னார்: “அரிப்பை மறைச்சா போயிருமா? புளி போட்டாத்தான் போகும். அந்தப் பையன் யாரு, எந்தக் கம்பெனின்னு கேட்டு, காசை வாங்கிக் குடுத்துட்டு, அங்கேயே பதில் போடுங்க. பார்க்கிறவன் அதைத்தான் பார்ப்பான்.” காட்டு ஓலுக்கு ஏற்ற புலிப்புளி என்று வங்காளிகள் ஒரு பழமொழி சொல்வார்கள். அன்றைக்கு அதன் பொருள் எனக்கு நேரில் பரிமாறப்பட்டது.

2023 மார்ச்சில் அவருக்கு உண்மையான சோதனை வந்தது. தமிழ்நாட்டில் பீஹார்த் தொழிலாளிகளை அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று சம்பந்தமில்லாத வீடியோக்கள் போனுக்குப் போன் தாவின. ஹோலிக்கு ஊர் திரும்பியவர்களின் கூட்டத்தைக்கூட ‘தப்பி ஓடுகிறார்கள்’ என்று காட்டினார்கள். தமிழ்நாட்டுப் போலீஸ் அவை பொய் என்று மறுத்து வழக்குகள் போட்டது. பீஹாரிலிருந்து அதிகாரிகள் குழு ஒன்று நேரில் வந்து பார்த்தது. ஆனால் பொய் ஏறிய வண்டி ராஜதானி, மறுப்பு ஏறியது பாசஞ்சர்.

நம்மவர் அன்றைக்கும் பதிவு போட்டார். கோட்டுப் படம். ‘பயம் என்பது ஒரு மனநிலை. தலைவர்கள் புயலில் பிறக்கிறார்கள்.’ பதினான்கு லைக். அதில் ஒன்று என்னுடையது. அடுத்த வீட்டுக்காரன் என்ற கடமை.

அதே நாள் சாயங்காலம் ஹவுரா சணல் ஆலைப் பக்கம் குடியிருக்கும் பீஹார்க்கார அம்மா ஒருத்தி ஆபீஸுக்கு வந்து, ஒன்றும் பேசாமல் நின்றாள். மகன் திருப்பூரில். நம்மவர் ‘மனநிலை’ பற்றி ஆரம்பிக்கப் பார்த்தார். ஆபீஸில் கணக்கெழுதும் வங்காளிப் பெண் அதற்குள் பையனுக்கே வீடியோ கால் போட்டுவிட்டாள். அவன் தட்டும் கையுமாகத் திரையில் வந்தான். “அம்மா, இங்கே என்னை யாரும் அடிக்கலை. தினம் தினம் சாம்பார் ஊத்துறாங்க, அது ஒண்ணுதான் கொடுமை” என்று இந்தியில் சொல்லிச் சிரித்தான். அந்த அம்மா சிரித்தாள், பிறகு அழுதாள்.

அந்தப் பெண் இருவரிடமும் கேட்டுக்கொண்டு அந்த நாற்பது விநாடியை வெளியிட்டாள். கீழே இந்தியிலும் வங்காளத்திலும் எழுதினாள்: வேலை எந்தத் தெருவில், ஷிஃப்டுக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரம், தங்கும் அறைக்கு என்ன பிடிப்பார்கள், ராத்திரியில் கூப்பிட்டால் எடுக்கும் நம்பர் எது. கவிதை இல்லை. கோட்டும் இல்லை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கிளம்பிய அது மேதினிப்பூர் வரை போய், அங்கிருந்து ஒருவன் எங்களுக்கே அனுப்பினான். இரண்டு நாள் அந்த நம்பர் ஓயவில்லை.

நம்மவர் திருந்தினாரா என்று கேட்டால், அதைப் பற்றி ‘எளிமை எனக்குக் கற்றுத்தந்த ஒன்பது பாடங்கள்’ என்று நீளக் கட்டுரை எழுதினார். ஆனால் பக்கத்தின் சாவி அந்தப் பெண்ணின் கைக்குப் போய்விட்டது. இப்போது சம்பளம் இல்லாமல் விளம்பரம் வராது. புகாரை அழிப்பதில்லை, பதில்தான். துபாய்க்கு ஆள் எடுப்பீர்களா என்று கேட்பவர்களுக்கு, ‘நாங்கள் அனுப்புவதில்லை. அனுப்புகிறவரிடம் வெளியுறவுத் துறைப் பதிவு எண்ணைக் கேளுங்கள், இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். ஏஜென்ட் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், அதற்குமேல் கேட்டால் ஏமாற்று’ என்று எழுதிவைத்திருக்கிறாள்.

அவர் கண்ணீர்க் கதைகளில் மட்டும் ஏழெட்டை அப்படியே விட்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். ஜன்னல் வழியே ஏரியைக் காட்டினாள். ஒவ்வொரு வருஷமும் வாத்துகள் வருமுன் ஆகாயத்தாமரையை அள்ளுவார்கள். முழுக்க மூடிக்கிடந்தால் வாத்துக்கு இறங்கத் தண்ணீர் இல்லை. முழுக்க அள்ளிவிட்டால் உட்கார இடம் இல்லை. அதனால் அங்கங்கே திட்டுத் திட்டாக விட்டுவைப்பார்கள். “ஸாருக்கும் உட்கார ரெண்டு திட்டு வேணுமில்லையா, காக்கு?” என்றாள்.

போன வாரம் ஒரு பையனை வண்டியேற்ற நம்மவரும் நானும் ஸ்டேஷன் போனோம். அவன் பிளாட்பாரத்தில் போனைத் திறந்து, இறங்கவேண்டிய இடத்தை இன்னொரு பையனுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். நம்மவர் ஆபீஸ் பதிவின் ஸ்கிரீன்ஷாட். கம்பெனி, தெரு, ஷிஃப்ட், நம்பர் எல்லாம் இருந்தன. மேலே இருந்த கோட்டுப் படத்தைக் கழுத்தோடு வெட்டிவிட்டிருந்தான். ஒரு டை மட்டும் தொங்கியது.

நம்மவர் எட்டிப் பார்த்தார். வண்டி நகர்ந்து கடைசிப் பெட்டியும் போன பிறகுதான் வாயைத் திறந்தார்.

“அண்ணே, போட்டோ கொஞ்சம் வெட்டுப்பட்டிருச்சோ?”

“ஆமா தம்பி. ஆனா அட்ரஸ் முழுசா இருக்கு.”

கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். மேம்பாலத்தில் ஏறும்போது கை தானாகக் கோட்டுப் பைக்குள் போய்ப் போனைத் தொட்டது. எடுக்கவில்லை. கீழே ஏதோ ஒரு லோக்கல் ஊதியது. இந்த முறை அவர் டிரைவரைத் திட்டவில்லை.