மிஷினுக்கு உப்பு எதுக்கு?

சர்செல்,
பாரீசுக்கு வடக்கே.

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போனில் கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன். மாமா நடுவில் புகுந்து சிரித்த சிரிப்பில் லைனே போய்விட்டது. "பாத்திரம் கழுவுற மிஷினுக்கு உப்பு எதுக்குடா? உள்ள ஊறுகாயா போடறே?" என்றாயே. ஊறுகாய்க்கு ஒருதரம் போட்டால் முடிந்தது. இது தீரத் தீரக் கேட்கிறது.

கோளாறு தண்ணீரில் இருக்கிறது. முத்தரையர்பாளையத்திலிருந்து நல்ல தண்ணீர் வந்ததற்காக, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் நம்ம புதுச்சேரியில் ஆயி மண்டபமே கட்டினார்கள். அந்த நெப்போலியனுடைய சொந்த ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு. வெந்நீர்க் கெட்டிலுக்குள் விரலை விட்டால் செதில் செதிலாக வருகிறது. மிஷினின் அடியில் ஒரு டப்பாவில் பிசின் மணிகள் இருக்கின்றன. அவை தண்ணீரிலுள்ள சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்ததை விடவைக்க உப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதற்கு நம்ம சமையல் தூள் உப்பு ஆகாது, அடைத்துக்கொள்ளுமாம். அதற்கென்றே தனிக் கல்லுப்பு, பெட்டியில் வருகிறது. அவரவர் வீட்டுத் தண்ணீரில் சுண்ணாம்பு எத்தனை டிகிரி என்று பார்த்து மிஷினுக்குள் எண் வேறு வைக்க வேண்டும். டிகிரி வாங்காத மாமாவிடம் இதைச் சொல்லாதே.

1815இல் போட்ட உடன்படிக்கைப்படி நம்ம பக்கத்து உப்பை வாங்கும் உரிமைக்காக இங்கிலீஷ்காரன் பிரெஞ்சுக்காரனுக்கு வருஷம் 4 லட்சம் சிக்கா ரூபாய் கட்டினான். "அது நின்னுபோச்சு, இப்ப என்கிட்ட வசூல் பண்றாங்க" என்று உன் தம்பி பெண்டாட்டியிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். "சரித்திரம் அப்பறம், மொதல்ல உப்பைப் போடுங்க. லைட்டு எரியுது" என்றாள்.

உப்பு முடிந்தால் பளபளப்புக்கு ஒரு திரவம், அதற்கு ஒரு லைட்டு. அது முடிந்தால் சோப்புக் கட்டி. சட்டியில் ஒட்டியதைச் சுரண்டிவிட்டு வைக்க வேண்டும். அலுமினியக் குண்டானை வைத்தால் கறுத்துவிடும், தோசைக்கல்லை வைத்தால் துரு ஏறும். 1886இல் இந்த மிஷினுக்குப் பேடண்ட் வாங்கிய ஜோசபின் காக்ரேன் என்ற அமெரிக்க அம்மாவுக்கு வேலைக்காரர்கள் பீங்கான் தட்டை உடைப்பதுதான் கவலை. இட்லித் தட்டை அவர் பார்த்ததே இல்லை.

போன சனிக்கிழமை பிரியாணிக்கு ஆட்களைக் கூப்பிட்டிருந்தோம். எங்கள் இணைப்புக்கு ராத்திரியில் கரண்ட் மலிவு. ஆனால் ராத்திரி 10 மணியிலிருந்து காலை 7 வரை அடுக்குமாடியில் சத்தம் வரக்கூடாது. மலிவு கரண்டில் ஓடவும் வேண்டும், மேல் வீட்டு அம்மாவுக்குக் கேட்கவும் கூடாது. நடுராத்திரியில் மிஷின் கழுவுவதை நிறுத்திவிட்டு, அடியில் தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொண்டு, "ங்ங்ங்" என்று முனக ஆரம்பித்தது. பட்டனை அழுத்தினாலும் நிற்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினேன், நின்றது.

காலையில் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஆள் வந்து எட்டிப் பார்ப்பதற்கே தனிக் காசு. அடுத்த வியாழக்கிழமை, 8 மணியிலிருந்து 12க்குள் எப்போது வேண்டுமானாலும் வருவார், வீட்டில் இருக்க வேண்டும் என்றார்கள். கேட்டுக்கொள் அக்கா, இந்த நாட்டில் 2022 நவம்பரிலிருந்து, பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம் என்று ஒவ்வொரு புதுப் பாத்திர மிஷின் மேலும் பத்துக்கு மார்க் ஒட்ட வேண்டும் என்று சட்டம். மார்க் ஒட்ட ஆள் உண்டு, பழுது பார்க்கத்தான் வியாழக்கிழமை வரை இல்லை. நெல்லித்தோப்பு மார்க்கெட் பக்கம் மிக்சியைக் கொடுத்துவிட்டு, கீரை வாங்கித் திரும்புவதற்குள் கடைக்காரர் அதைப் பிரித்து, "யாருங்க இப்படி ஓட்டினது?" என்று நம்மையும் திட்டி, சரிபண்ணிக் கையில் கொடுத்துவிடுவார். அந்தத் திட்டுக்காகவே எத்தனை யூரோ வேண்டுமானாலும் கொடுப்பேன்.

வியாழக்கிழமை வரை யார் காத்திருப்பது? நானே இறங்கினேன். வடிகட்டியைக் கழற்றினால் கறிவேப்பிலை, கடுகு, கிராம்பு. பாரீசின் லா ஷப்பல் கடைத்தெருவில் காசு கொடுத்து வாங்கிய கறிவேப்பிலை, நெஞ்சு பதறியது. அதற்கும் கீழே, பம்ப் இறக்கைக்குள், மினுமினுவென்று ஒரு புளியங்கொட்டை சிக்கி உட்கார்ந்திருந்தது. ஸ்பூன் காம்பால் நெம்பியதும் துள்ளி வந்தது. பிளக்கைச் செருகிப் பார்த்தேன், அப்போதும் முனகியது. மறுபடி பிடுங்கினேன். அடித்தட்டில் தண்ணீர் கசிந்து தேங்கினால் அங்கே ஒரு மிதவை மேலே எழும்பும். எழும்பினால் தண்ணீரை இறைத்துக்கொண்டே இரு என்று மிஷினுக்கு உத்தரவு. அது இறங்க வேண்டுமானால் மிஷினையே சாய்க்க வேண்டும். எதிர்வீட்டு அல்ஜீரியக்காரரைக் கூப்பிட்டேன். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், கீழே துணி விரிக்க உன் தம்பி பெண்டாட்டி. சாய்த்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டியது. நிமிர்த்திப் பிளக்கைச் செருகினோம். சத்தமே இல்லை. அப்புறம் ஒன்றுமே நடக்காதது போலக் கழுவத் தொடங்கிவிட்டது.

இப்போது இந்தக் கட்டடத்தில் எனக்குப் பெரிய பேர். மூன்றாம் மாடிக்காரர் துணி மிஷினைப் பார்க்கச் சொல்கிறார். படித்த படிப்புக்கு இங்கே யாரும் இவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை. சித்தியிடம் இதை மட்டும் சொல், உப்புக் கதையை விட்டுவிடு.

மாமா வரும்போது நெய் கொடுத்தனுப்பாதே. பால் பொருளும் இறைச்சியும் இங்கே கொண்டுவரக்கூடாது, ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவார்கள். மீனுக்கு அந்தத் தடை இல்லை, ஆளுக்கு 20 கிலோ வரை சட்டப்படியே வரலாம். அதனால் வஞ்சிரக் கருவாடாகப் பார்த்து, நன்றாகச் சுற்றிக் கட்டி அனுப்பு. குழம்புச் சட்டியை நான் கையாலேயே கழுவிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் தம்பி