சண்டி

பெட்டியின் மேல் ‘8 வயது முதல்’ என்று அச்சடித்திருந்தார்கள். எந்த வயது வரை என்று போடவில்லை. எனக்கு 46 நடக்கிறது. அந்த ஒரு வரியை நம்பித்தான் இறங்கினேன்.

மே மாத லீவுக்குக் கும்பகோணம் வந்த அக்கா பிள்ளைகள் கூடவே கொண்டுவந்த பெட்டி அது. பெரியவளுக்கு 12 வயது, சின்னவனுக்கு 8. “அதுங்க கையில செல்ஃபோனைக் குடுக்காத. இந்த ரோபோவ மூணு பேருமாச் சேர்ந்து பண்ணுங்க. ஒரு சாயங்கால வேலைதான்” என்றாள் அக்கா. அவள் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருப்பவள். அவர்கள் கணக்கில் ஒரு சாயங்காலம் என்பது பதினோரு நாள் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

என் தொழில் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பது. கல்யாணப் பத்திரிகையிலிருந்து தலபுராணம் வரை, பிறர் விட்ட பிழைகளைச் சிவப்பு மையில் சுழித்தே இருபது வருஷமாகச் சாப்பிடுகிறேன். அச்சில் இருப்பதைப் படித்துப் புரிந்துகொள்ள மாட்டேனா என்ற கர்வம் இருந்தது. செய்முறைத் தாளைப் பிரித்ததும் அது இறங்கிவிட்டது. கைக்குட்டை அளவு காகிதம், கடுகு கடுகாகப் படங்கள். மூன்றாம் படத்துக்கு அடுத்தது ஐந்தாம் படம். நான்காவது, என்னைப் போல எவனோ ஒருவன் தூக்கக் கலக்கத்தில் பார்த்த புரூஃபில் பறிபோயிருக்க வேண்டும். கை சும்மா இருக்குமா? ஓரத்தில் ‘4 எங்கே?’ என்று சிவப்பில் எழுதிவைத்தேன்.

கோரைப்பாயில் பாகங்களைப் பரப்பினோம். மஞ்சள் மோட்டார் இரண்டு, சக்கரம் இரண்டு, முன்னால் உருள ஒரு குட்டிச் சக்கரம், நீலத்தில் ஒரு பலகை, சிவப்பில் ஒரு பலகை, இரண்டு கண் வைத்த ஒரு சமாசாரம், கலர் கலராய் ஒயர், ஒரு பொட்டலம் திருகு. இதையெல்லாம் தாங்கப்போகிற அடித்தட்டு வெறும் பழுப்பு அட்டை. “1,500 ரூபா வாங்கிக்கிட்டு அட்டையக் குடுத்திருக்கான் பாரு” என்று கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டே, திருப்புளியும் கையுமாக ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து மோட்டார்களை அதில் முடுக்கினேன். சின்னவன் அட்டையின் மூலையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். “கைய வெச்சிக்கிட்டு சும்மா இரு” என்று அதட்டினேன்.

“மாமா, தோல் உரியுது.”

உள்ளே கண்ணாடி மாதிரி அக்ரிலிக் தட்டு. கீறல் விழாமலிருக்க இரண்டு பக்கமும் பழுப்புக் காகிதம் ஒட்டி அனுப்புவார்களாம். இதைத்தான் நான்காம் படம் சொல்லியிருக்கும் என்பது என் துணிபு. முடுக்கிய அத்தனையும் கழற்றிவிட்டு மூன்று பேரும் உரிக்க உட்கார்ந்தோம். வாழைப்பழத் தோல் போல ஒரே இழுப்பில் வருகிற ஜாதியல்ல அது. துணுக்குத் துணுக்காக நகக்கண்ணில் ஏறியது. சாயங்காலம் போய் ராத்திரி ஆயிற்று. எல்லாவற்றையும் மறுபடி பூட்டி முடித்தபோது பாயில் ஒரு திருகு மிச்சம் கிடந்தது.

“எதைப் பிரிச்சுப் பூட்டினாலும் ஒண்ணு மிஞ்சும். கம்பெனிக்காரனே ஒண்ணு கூடுதலா வெப்பான்” என்று தாய்மாமனுக்கு உரிய கம்பீரத்தோடு சொன்னேன். அம்மா ஒன்றும் பேசாமல் அந்தத் திருகை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

மோட்டாரில் ஒயரைப் பற்றவைப்பது நமக்கு ஆகாத காரியம். கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் செய்கிறவர் ஒருவர், கண்ணை இடுக்கிக்கொண்டு நான்கு இடத்தில் ஈயம் வைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. “எதுக்குங்க இது?” என்றார். “ரோபோ” என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் அனுதாபம் இருந்தது.

அடுத்தது நிரல் எழுதுவது. நீலப் பலகைக்குப் பெயர் ஆர்டுயினோ ஊனோ. 2005-இல் இத்தாலியில் இவ்ரேயா என்ற ஊரில் மாணவர்களுக்காக இந்தப் பலகை வரிசையைத் தொடங்கினார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன் அரசாண்ட ஆர்டுயின் என்ற ராஜாவின் பெயரில் அங்கே ஒரு மதுக்கடை. செய்தவர்கள் கூடிப் பேசிய இடம் அதுதான் என்பதால் பலகைக்கும் அதே பெயர். கும்பகோணத்தில் செய்திருந்தால் ஏதாவது ஒரு சோழனும் டிகிரி காபியும் சேர்ந்து பெயராகியிருக்கும்.

நொடிக்கு 1 கோடியே 60 லட்சம் துடிப்பு அதற்கு. நினைவகமோ 32 கேபி. கணினியில் ஒரு தமிழ் எழுத்துக்குக் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியாகத் தலைக்கு மூன்று பைட் வாங்கிக்கொள்கிறது. ‘தமிழ்’ என்று எழுதினாலே பதினைந்து பைட் காலி. இந்தக் கட்டுரையே அதற்குள் முழுதாக அடங்குவது சந்தேகம்.

நிரலில் இரண்டு பகுதி. செட்டப் என்பது மின்சாரம் வந்ததும் ஒரே ஒரு தடவை நடப்பது. லூப் என்பது மின்சாரம் இருக்கிற வரை திரும்பத் திரும்ப நடப்பது. சின்னவனுக்கு விளக்கினேன்: “காலைல எந்திரிச்சுப் பல்லு தேய்க்கிறோமில்ல, அது செட்டப்.”

“லூப்?”

நான் உவமை தேடிக்கொண்டிருக்கும்போதே அடுக்களையிலிருந்து குரல் வந்தது. “அடுப்பு பத்தவெக்கிறது, ஆக்கறது, பாத்திரம் கழுவறது, திரும்ப அடுப்பு பத்தவெக்கிறது.” பெரியவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

கட்டளை ஒவ்வொன்றின் முடிவிலும் அரைப்புள்ளி வைக்க வேண்டும் என்றதும் எனக்குத் தோள் கொஞ்சம் உயர்ந்தது. தமிழில் அரைப்புள்ளியை இடமறிந்து வைக்கிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒரு விரல் நான் என்பது என் எண்ணம். “தள்ளிக்கோ, நான் தட்டறேன்” என்று உட்கார்ந்தேன். தட்டி முடித்துச் சரிபார்க்கச் சொன்னால் பதினான்காம் வரியில் சிவப்பு. அந்த வரியை எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. கால் மணி நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுப் பெரியவள் சொன்னாள், “மாமா, தப்பு பதிமூணுல இருக்கு. அங்க செமிகோலன் வெக்கல நீங்க. பதினாலு வந்தப்புறம்தான் அதுக்குத் தெரியுது.”

பிழை ஒரு வரியில், சுழி அடுத்த வரியில்! எங்கள் அச்சகத்தில் இந்த அழகில் புரூஃப் பார்த்தால் அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்கள். அதைத் திருத்தினால், ஒரு சொல்லின் நடுவே பெரிய ‘டபிள்யூ’ வர வேண்டிய இடத்தில் சின்னது இருக்கிறது என்று மறுபடி சிவப்பு. எழுத்தில் பெரியது சின்னது என்ற பேதமே இல்லாத மொழியில் பிறந்தவன் நான் என்று சொல்லிப் பார்த்தேன். இயந்திரம் மசியவில்லை.

ரோபோவை ஓட்டுமுன் மனிதரை வைத்து ஒத்திகை பார்க்க வேண்டும் என்றாள் பெரியவள். இதற்கு ஒரு பெரிய மனுஷரின் அத்தாட்சி இருக்கிறது. 1960-களில் பிள்ளைகளுக்காக லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கியவர்களில் ஒருவர் சீமோர் பேப்பர்ட். திரையில் ஆமையை நகர்த்தத் தெரியவில்லையா, நீயே ஆமையாக நடந்து பார் என்பது அவர் பிள்ளைகளுக்குச் சொன்ன வழி. இங்கே ஆமை நான்.

கண்ணைத் துண்டால் கட்டினார்கள். கூடத்திலிருந்து கிளம்பி, ரேழி மேஜையில் இருக்கிற வாழைப்பழத்தை எடுக்க வேண்டும். கட்டளை தருவது சின்னவன். “பத்து ஸ்டெப் முன்னாடி. நில்லு. வலது பக்கம் திரும்பு. பழத்தை எடு.” பத்து எட்டு வைத்தேன். ஒன்பதாவது எட்டில் காற்று வந்தது, பத்தாவதில் கால் ஈரமானது. வலது பக்கம் திரும்பிக் கையை நீட்டினேன். பழம் பழம் என்று நான் துழாவியது பால்காரரின் சட்டைப்பையை. துண்டை அவிழ்த்தால் வாசலில், வாளித் தண்ணீரில் ஒரு காலும் கோலத்தில் ஒரு காலுமாக நிற்கிறேன்.

“கணக்குல எல்லாம் சரியாத்தான் வரணும்” என்று நாற்பது ரூபாயைத் திரும்ப எண்ணிக்கொண்டே போனார் பால்காரர். சின்னவன் மட்டும் யோசனையாக, “நான் என் ஸ்டெப்ப எண்ணினேன் மாமா. உங்க காலு நீளம். அதைப் புரோகிராம்ல போடல” என்றான்.

ஒருவழியாக நிரலை ஏற்றி, பெட்டியோடு வந்த ஒன்பது வோல்ட் கட்டை பேட்டரியை மாட்டித் தரையில் விட்டோம். ரோபோ ஓர் அங்குலம் நகர்ந்தது. நின்றது. ஓர் அங்குலம், நின்றது. விக்கல் எடுத்த மாதிரி. தட்டிக் கொடுத்தோம், தள்ளிவிட்டோம், நிரலை மறுபடி ஏற்றினோம். ஓர் அங்குலம், நின்றது.

அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்த அம்மா, “சண்டி மாடு” என்றாள். அதுவே பெயராகிவிட்டது.

பெயரைப் பற்றிச் சொல்ல எனக்கும் ஒன்று இருந்தது. ரோபோ என்ற சொல் 1920-இல் செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் எழுதிய நாடகத்தில் பிறந்தது; சொல்லைக் கொடுத்தது அவர் அண்ணன் யோசெஃப். செக் மொழியில் அதன் வேர் கூலியில்லாத கட்டாய வேலை. எங்கள் சோழர் கல்வெட்டுகளில் இதற்கு அப்படியே ஒரு சொல் இருக்கிறது: வெட்டி. அன்றைக்கு வெட்டி என்றால் சம்பளம் இல்லாத வேலை, இன்றைக்கு வெட்டி என்றால் வேலையே இல்லாமை. தரையில் விக்கிக்கொண்டிருந்த எங்கள் சண்டிக்கு இரண்டாவது பொருள் கச்சிதமாகப் பொருந்தியது. பிள்ளைகள் இந்த ஆராய்ச்சியைக் கேட்கவில்லை, ரேடியோக்காரரிடம் ஓடிவிட்டார்கள்.

அவர் பேட்டரியைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார். கட்டை பேட்டரிக்கு வோல்ட் இருக்கும், தெம்பு இருக்காது. இரண்டு மோட்டாரும் ஒரே நேரத்தில் கிளம்பி மின்சாரத்தை உறிஞ்சினால் பலகைக்குக் கண் இருட்டிவிடும். மயக்கம் தெளிந்து முதலிலிருந்து தொடங்கும். மோட்டார் கிளம்பியதும் மறுபடி மயக்கம். லிதியம் செல் இரண்டை ஒரு கூட்டில் போட்டுக் கொடுத்தார். இந்தத் தடவை காசு வாங்கிக்கொண்டார்.

சண்டி சீறிக்கொண்டு கிளம்பியது. ஆனால் போகவில்லை, நின்ற இடத்திலேயே சாமி வந்தது போலச் சுற்றியது. ஒரு மோட்டாருக்குச் சிவப்பு ஒயரையும் கறுப்பையும் நான் மாற்றிக் கொடுத்திருந்தேன். அதை யார் செய்தது என்ற விசாரணைக்குள் போகாமல் சரிசெய்தோம்.

இப்போது ஓடியது. ஆனால் நேராக அல்ல. எங்கே விட்டாலும் நாலடி போவதற்குள் வலது பக்கம் ஒதுங்கி, தூணை மோதிக்கொண்டு நின்றது. இரண்டும் ஒரே மோட்டார், ஒரே கட்டளை. பெரியவள் நிரலை மூன்று முறை படித்தாள். நான் நான்கு முறை படித்தேன். அவரைக்காய் முடிந்து கீரைக்கு வந்திருந்த அம்மா நிமிராமலே சொன்னாள்.

“வலத்து மாடு எளைச்சிருக்கு.”

அம்மாவைப் பெற்ற தாத்தா கிராமத்திலிருந்து கும்பகோணத்துக்கு நெல் மூட்டை ஏற்றி வண்டி கட்டியவர். மூட்டை மேல் உட்கார்ந்து வந்தவள் அம்மா. “வலத்து மாடு அசந்துச்சுன்னா வண்டி வலப்பக்கம்தான் இழுக்கும். அசந்த மாட்ட அடிச்சு என்ன ஆவப்போவுது? எடத்து மாட்டோட கயித்தப் புடிச்சு ஓட்டணும்.”

பெரியவள் லேப்டாப்பை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வேகத்துக்கு இதில் 0 முதல் 255 வரை எண் கொடுக்கலாம். எண்ணைக் குறைத்தால் பலகை மின்சாரத்தைத் தொடர்ந்து தராமல், நொடிக்குச் சுமார் 490 தடவை விட்டுவிட்டுத் தரும். கயிற்றை இழுத்து இழுத்து விடுகிற அதே வித்தைதான். இடது மோட்டாருக்கு 225 வைத்தாள். லேசாக ஒதுங்கியது. “இன்னும் கொஞ்சம் புடி” என்றாள் அம்மா. 212. கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை நூல் பிடித்தது போலப் போய் முட்டியது சண்டி. “ஹை ஹை ஹை” என்று கத்தியது சின்னவன் என்று நினைத்தேன். அம்மா.

அடுத்தது, முட்டாமல் நிற்கவைக்க வேண்டும். அந்த இரண்டு கண்ணை முன்னால் மாட்டினோம். “கண்ணில்ல மாமா. ஒண்ணு வாய், ஒண்ணு காது” என்று திருத்தினாள் பெரியவள். வாய் 40,000 ஹெர்ட்ஸில் கூவும். நம் காது அதில் பாதியைத் தாண்டாது. எதிரொலியைக் காது வாங்கிக்கொள்ளும். ஒலி ஒரு சென்டிமீட்டர் போக 29 மைக்ரோநொடி, போய்வர 58. ஆனதை 58-ஆல் வகுத்தால் தூரம் வந்துவிடும். இருபது சென்டிமீட்டருக்குள் எதிரொலி வந்தால் திரும்பு என்று எழுதினோம். சுவர் முன் திரும்பியது. பித்தளைக் குடம் முன் திரும்பியது. ஆட்டுக்கல்லுக்குக்கூட மரியாதை கொடுத்தது. நேரே போய், தரையில் உட்கார்ந்திருந்த அம்மாவின் நூல் புடவைக்குள் புகுந்துவிட்டது.

துணி ஒலியைத் தின்றுவிடும், எதிரொலி திரும்பாது. அதன் அறிவுக்கு எட்டியவரை எதிரே வெட்டவெளி. முந்தானைக் குஞ்சம் அச்சில் சுற்றி, சண்டி அம்மாவின் இடுப்பை நோக்கி ஏறத் தொடங்கியது. “கத்திரிக்கோலு!” என்று நான் ஓடினேன். “புடவைல கைய வெச்சே தெரியும். சக்கரத்தக் கழட்டுடா” என்றாள் அம்மா.

லீவு முடிந்து பிள்ளைகள் சண்டியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு வாரம் கழித்துப் பெரியவளிடமிருந்து ஃபோன்.

“மாமா, வலது மோட்டார் ஆடுது. ரெண்டு ஸ்க்ரூல ஒண்ணுதான் இருக்கு. அதனால சாஞ்சு, சக்கரம் தட்டுல ஒரசிக்கிட்டே ஓடுது. அங்க ஏதாவது ஸ்க்ரூ மிஞ்சிச்சா?”

நான் உடனே பதில் சொல்லவில்லை. தொண்டையைச் செருமினேன். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா அடுக்களைக்குப் போய் அஞ்சறைப்பெட்டியைத் திறந்தாள். வெந்தயத்துக்குள் விரலை விட்டுத் திருகை எடுத்து, புடவையில் துடைத்து, மேஜையில் நான் பார்த்துக்கொண்டிருந்த புரூஃபின் மேல் வைத்தாள்.

“மாட்டு மேல குத்தமில்ல. கடையாணி இங்க இருக்கு” என்றவள், ஃபோனை என் கையிலிருந்து வாங்கினாள். “இத அனுப்பி வெக்கிறேன், பூட்டிக்க. பூட்டினதும் எடத்து மாட்டுக் கயித்த விட்டுடு, கண்ணு.”