திரும்பி வருவேன், சத்தியம்!

அமெரிக்க மாணவர் விசாவுக்குப் பயிற்சி கொடுப்பவர்களுக்குக் கோயிலே கட்டலாம். விசா பிள்ளையாருக்குச் சென்னையில் ஏற்கெனவே இருக்கிறது. துணைத் தூதரகச் சன்னல் முன் நிற்பது இரண்டு மூன்று நிமிடம். ஒத்திகையோ இரண்டு மாதம். ‘மனப்பாடம் மாதிரித் தெரியக்கூடாது’ என்பதையும் மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள்.

அந்நாட்டுச் சட்டத்தின் 214(பி) பிரிவுப்படி, இல்லையென்று நிரூபிக்கும்வரை விண்ணப்பிப்பவர் குடியேற வந்தவரே. ஆகவே, வயலில் கால் வைக்காத பையனுக்கும் மண்பாசம் பொங்குகிறது. பட்டம் வாங்கிய கையோடு ஓடிவந்து தாத்தாவின் மூன்று ஏக்கரைக் காப்பாற்றுவானாம். அதைத் தற்போது வங்கி காப்பாற்றுகிறது, கல்விக் கடனுக்கு ஈடாக.

அதிகாரி நெகிழ்ந்து விசா கொடுத்தார். அன்று மாலையே அம்மா வரன் விளம்பரம் கொடுத்தார்: ‘அமெரிக்காவிலேயே செட்டிலாகச் சம்மதிக்கும் பெண் தேவை.’