டொப் சார்

எங்கள் குடியிருப்பில் யார் புதுக் கார் வாங்கினாலும் சக்கரத்தில் நசுங்கிய எலுமிச்சம்பழத்தின் ஈரம் காய்வதற்குள் டொப் சார் வந்துவிடுவார். விலை கேட்க மாட்டார், மைலேஜ் கேட்க மாட்டார். நடுவிரலை மடக்கிக் கதவில் ஒரு தட்டு.

"டங்குங்குது சார். தகர டப்பா. டொப்புனு கேக்கணும்."

தேங்காயைத் தட்டி வாங்குகிறவர் தோப்பின் அழகையா பார்ப்பார்?

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மற்றவர்கள் காசிக்குப் போனார்கள். இவர் கார் சாமான் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போனார். 2014-ல் அம்பாசிடர் தயாரிப்பு நின்றபோது அந்தக் கதவு சாத்தும் சத்தத்துக்காகவே வருந்திய ஒரே ஆள் இவராகத்தான் இருக்கும்.

அவருடைய சித்தாந்தம் எளிது. "ஸ்பீக்கர் முன்பக்கம் தள்ளுற காத்தும் பின்பக்கம் தள்ளுற காத்தும் பங்காளிங்க சார். நேருக்கு நேர் பாத்துக்கிட்டா பேஸ் காலி." கதவின் உள்தகட்டில் உள்ளங்கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள் இருக்கும், கண்ணாடி மோட்டாரைப் பொருத்துவதற்காக விட்டவை. கம்பெனிக்காரர் அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டி அனுப்புகிறார். அது தண்ணீரைத் தடுக்கும், சத்தத்தைத் தடுக்காது. அந்த ஓட்டைகளை அலுமினியத் தகடு வைத்து மூடி, அதிரும் இடங்களில் 2 மில்லிமீட்டர் பியூட்டைல் ரப்பர் ஷீட்டை ஒட்டி, ரோலரால் சப்பாத்தி தேய்ப்பது போலத் தேய்த்தால் டங், டொப் ஆகும். இதில் அவர் சொல்வது அத்தனையும் உண்மை. சங்கடமே அதுதான்.

இந்த ஞானம் சும்மா வந்ததல்ல. முதலில் மலிவாகக் கிடைத்த தார் ஷீட்டை ஒட்டினார். அந்த மே மாதம் முழுக்க வண்டிக்குள் புதிதாகச் சாலை போட்ட வாசனை. அவர் மனைவி ஆட்டோவில் போனார். அடுத்த முறை, கதவின் அடியில் மழைநீர் வடிவதற்காக இருக்கும் சின்னத் துளைகளையும் விடாமல் அடைத்தார். வடகிழக்குப் பருவமழையில் ஒவ்வொரு திருப்பத்திலும் கதவுக்குள் களக், களக் என்று இளநீர்ச் சத்தம். "தாளம் தப்பாம வந்தது சார்" என்பார், வெட்கமே இல்லாமல்.

இவ்வளவு பாடுபட்டவர் ஒரு பாட்டையாவது முழுதாகக் கேட்பாரா? மாட்டார். வண்டியை நிறுத்தி, ஏசியை அணைத்து, கண்ணை மூடிக்கொண்டு, இளையராஜா பாட்டில் பேஸ் கிடார் வருகிற அந்த அரை நிமிடம் மட்டும். பாடகர் வாயைத் திறந்தால் அடுத்த பாட்டு.

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வண்டி அவரிடம் சிக்கியது. "ரெண்டு மணி நேர வேலை" என்றார். காலை எட்டுக்குக் கதவின் உள்பலகையைக் கழற்றினார். ஸ்பிரிட் போட்டுத் தகட்டைத் துடைப்பது என் வேலை. மாலை ஆறரைக்குப் பலகை திரும்ப ஏறியபோது மூன்று கிளிப் உடைந்திருந்தன, இரண்டு திருகாணி மிச்சம். "கம்பெனிக்காரன் எக்ஸ்ட்ராவா போடுவான் சார்."

தட்டிப் பார்த்தேன். டொப்!

பாட்டுப் போட்டால், மிருதங்கத்தின் இடந்தலை என் முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசியது. ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கத்திரி வெயிலில் வெளித்தகட்டில் ஒட்டியிருந்த ஷீட் கழன்று கண்ணாடியைக் கவ்விக்கொண்டது. "நீங்க துடைச்சது பத்தலை" என்று ஒரே வாக்கியத்தில் வழக்கை முடித்துவிட்டார். அன்றிலிருந்து ஓட்டுநர் பக்கத்து ஜன்னல் இறங்குவதில்லை. பார்க்கிங் டோக்கன் வாங்க நான் கதவையே திறக்கிறேன். வாங்கிவிட்டுச் சாத்தும்போது, சும்மா சொல்லக் கூடாது, சத்தம் அருமை.